ஹார்மோனிக் பேலன்சரைச் சுத்தியலின்றி மாட்டுவது எப்படி: செவ்ரலே ஸ்மால் பிளாக் எஞ்சினை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கார் எஞ்சினின் முன்பக்கத்தில், பெல்ட் ஓடும் புல்லிக்குப் பின்னால், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டின் முனையில் கனமான ஒரு வட்டு இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். அதுதான் ஹார்மோனிக் பேலன்சர். புதிய கார்களில் இந்த வட்டும் புல்லியும் ஒரே உறுப்பாக வந்துவிடுவதால், நம் பட்டறைகளில் இதைக் கிராங்க் புல்லி என்றோ டேம்பர் புல்லி என்றோ சொல்வதுதான் வழக்கம். கெட்டியான இரும்புத் துண்டாகத் தெரிவதால், முதன்முறையாக எஞ்சினில் கைவைப்பவர்கள் இதைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி ஏற்றிவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சில நூறு ரூபாய்க் கருவி வாடகையை மிச்சம் பிடிக்கப் போய், கிராங்க்கையே கழற்றி வெளியே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவிடும் நினைப்பு அது.

இந்தக் கட்டுரை அமெரிக்காவின் செவ்ரலே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. 1955ஆம் ஆண்டு 265 கன அங்குல அளவில் வெளிவந்து, 1967 முதல் 350 கன அங்குல வடிவத்தில் பெரும்புகழ் பெற்ற எஞ்சின் இது. வீட்டுக் கொட்டகையில் தாங்களே பிரித்து மாட்டும் ஆர்வலர்கள் கையில் அதிகம் புழங்குவதும் இதுதான். இதன் பேலன்சர் துளை, கிராங்க் முனையைவிட இம்மியளவு சிறியதாக இருப்பதால், வலிந்து இழுத்தால்தான் ஏறும். இந்த வகையில் சரியாக மாட்டக் கற்றுக்கொண்டவருக்குப் பிற எஞ்சின்களின் வேறுபாடுகள் எளிதில் பிடிபடும். அந்த வேறுபாடுகள் பிற்பகுதியில் வருகின்றன.

அந்த வட்டு செய்யும் வேலை

ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும்போது கிராங்க் சுழல்வது மட்டுமல்ல. ஈரத் துணியைப் பிழிவது போல, கண்ணுக்குத் தெரியாத அளவில் முறுக்கிக்கொண்டு, உடனே பழைய நிலைக்குத் திரும்பவும் செய்கிறது. எட்டு சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்புகள் நிகழ்வதால், நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் நொடிக்கு 200 முறை இந்த முறுக்கு விழுகிறது. கிராங்க்குக்கு இயல்பாகவே உள்ள அதிர்வெண்ணோடு இந்த எண்ணோ அதன் மடங்குகளோ ஒத்துப்போகும் வேகங்களில் முறுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகி, காலப்போக்கில் எஃகையே முறித்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீளமான கிராங்க் கொண்ட ஆறு சிலிண்டர் கார்கள் வந்தபோது பொறியாளர்கள் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்கள். பிரிட்டனின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1910இல் இதற்கான தணிப்பான் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று பரவலாக உள்ள பேலன்சர் மூன்று பகுதிகளால் ஆனது. கிராங்க் முனையில் ஏறும் நடுப்பகுதி ஹப். அதைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர்ப் பட்டை. அதற்கும் வெளியே கனமான இரும்பு வளையம். கிராங்க் படபடவென முறுக்கும்போது வெளிவளையம் தன் கனத்தால் அதோடு சேர்ந்து ஆட மறுக்கிறது; இடையில் அகப்பட்ட ரப்பர் அந்த ஆட்டத்தை வாங்கிச் சூடாக மாற்றிவிடுகிறது. ஆகவே பேலன்சரை ஏற்றும்போதும் இறக்கும்போதும் பார்க்க வேண்டியது ஒன்றே: நாம் கொடுக்கும் விசை ஹப்பின் வழியாக மட்டுமே செல்கிறதா? ரப்பரின் வழியாகவோ, கிராங்க்கைப் பின்னோக்கித் தள்ளும் வழியிலோ சென்றால் ஏதோ ஒன்று கெடப்போகிறது என்று பொருள்.

சுத்தியல் இந்த இரண்டு கேட்டையும் ஒருசேரச் செய்கிறது. வெளிவளையத்தில் விழும் அடி ரப்பரின் பிடிப்பைப் பிய்க்கும். ஹப்பில் குறிபார்த்து அடித்தாலும், அந்த அடி முழுவதும் கிராங்க்கின் வழியே பின்னால் போய், அது முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் இறங்கும். ஸ்மால் பிளாக்கில் அது ஐந்தாவது, அதாவது கடைசி மெயின் பேரிங். அங்கே பட்ட காயம் அன்றைக்குத் தெரியாது. பிறகு ஆயில் பானில் உலோகத் துகள்களாகத்தான் தெரியவரும்.

சுத்தியலை விட்டவர்கள் அடுத்துச் செய்வது, கிராங்க் போல்ட்டையே கருவியாக்கி அதை முடுக்கிப் பேலன்சரை உள்ளே இழுப்பது. இது பார்வைக்கு நாகரிகமாகத் தெரிந்தாலும் ஆபத்து அதிகம். தொடக்கத்தில் போல்ட்டின் இரண்டு மூன்று மரைகள் மட்டுமே கிராங்க்கின் உள்ளே பிடித்திருக்கும். பேலன்சரை இழுக்கும் மொத்தச் சுமையும் அந்த மரைகளில் விழுந்தால் அவை உருவிக்கொண்டு வந்துவிடும். போல்ட்டின் மரை போனால் கடையில் வேறு போல்ட் கிடைக்கும். கிராங்க்கின் மரை போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாகிவிடும்.

சரியான பேலன்சர்தானா?

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் பேலன்சர்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடாது. 283, 305, 327, 350 ஆகிய ஸ்மால் பிளாக் எஞ்சின்களின் பேலன்சரில் எடைச் சரிக்கட்டு எதுவும் கிடையாது. வட்டு எல்லாப் பக்கமும் ஒரே எடை. ஆனால் 1970இல் வந்த 400 கன அங்குல எஞ்சினின் கிராங்க்குக்குத் தேவையான எடையில் ஒரு பகுதி பேலன்சரிலும், இன்னொரு பகுதி பின்னாலுள்ள ஃப்ளைவீலிலும் வைக்கப்பட்டுள்ளது. 350இன் பேலன்சரை 400இல் மாட்டினாலும், மாறாகச் செய்தாலும், மாட்டும் வரை எந்தத் தடையும் தெரியாது. ஓடத் தொடங்கியதும் எஞ்சின் உதறும். ஃபோர்டு நிறுவனத்தின் 302 எஞ்சினிலும் இதே கதைதான். பழையவற்றுக்கு 28 அவுன்ஸ்-அங்குலச் சரிக்கட்டு; 1980களின் தொடக்கத்தில் அது 50 ஆக மாற்றப்பட்டது. எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணைப் பார்த்து, உள்ளே இருக்கும் கிராங்க் எதுவென்று உறுதிசெய்த பிறகே பொருளை வாங்க வேண்டும். காரின் மாடலையும் ஆண்டையும் மட்டும் கடைக்காரரிடம் சொன்னால் போதாது. ஐம்பது ஆண்டுப் பழைய காரில் முதலில் வந்த எஞ்சின்தான் இருக்கிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

விட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 350க்குப் பொதுவாக 6.75 அங்குல வட்டு. அதிவேகப் பயன்பாட்டுக்கென வந்த சிலவற்றுக்கு 8 அங்குலம். எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவரில் உள்ள சுட்டி அந்தந்த விட்டத்துக்கு ஏற்ப அமைந்திருக்கும். பெரிய வட்டை மாட்டினால் சுட்டி உரசும். மேலும், 1969 வாக்கில், முதல் பிஸ்டன் உச்சநிலையில் இருப்பதைக் காட்ட வட்டில் பொறிக்கும் டைமிங் கோட்டின் இடத்தையும் செவ்ரலே மாற்றியது. பழைய வட்டும் புதிய சுட்டியும் சேர்ந்தால், தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் விளக்கு பல டிகிரி பொய் சொல்லும்.

பழைய பேலன்சரையே மீண்டும் மாட்டுவதாக இருந்தால் ரப்பரை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். விரிசல், பிதுங்கல், எண்ணெய் குடித்து மெத்தென்று ஆன இடம், வெளிவளையம் ஹப்பைவிட முன்னாலோ பின்னாலோ நகர்ந்த தடம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும். பந்தயத்துக்கென்றால், எஸ்எஃப்ஐ எனும் அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்பு அமைப்பின் 18.1 சான்று பெற்ற பேலன்சரே வேண்டும். பல பந்தயத் திடல்கள் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. எடையைக் குறைக்கிறேன் என்று தணிப்பான் இல்லாத வெறும் அலுமினியப் புல்லியை மாட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. உற்பத்தியாளர் தணிப்பான் வைத்த எஞ்சினில் அதைச் செய்வது என் கருத்தில் வீண் வம்பு.

வண்டியைத் தயார்செய்தல்

எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். கிராங்க்கில் கையும் கருவியும் இருக்கும்போது ஸ்டார்ட்டர் ஒரு கணம் சுழன்றாலும் விரல் போய்விடும் என்பதால், இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. வண்டியின் அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளில் இறக்கி வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும் அவசியம். இழுவையில் உள்ள எஃகுத் துண்டு உடைந்தால் முகத்தை நோக்கித்தான் வரும்.

பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டரைக் கழற்றினால்தான் நேராக நின்று வேலை செய்ய இடம் கிடைக்கும். வடிக்கும் கூலன்ட்டை மூடியுள்ள பாத்திரத்தில் பிடியுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சு. இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும். பிறகு விசிறி, பெல்ட், புல்லி என்று வரிசையாகக் கழற்றுங்கள்.

பழைய பேலன்சரைக் கழற்றுவதற்கு முன், கிராங்க் முனையின் முகத்திலிருந்து ஹப்பின் முகம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்பதைக் காலிப்பரால் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதியது முழுமையாக ஏறிவிட்டதா என்பதற்கு இந்த ஓர் அளவுதான் பின்னால் சாட்சி. கழற்றுவதற்கு, ஹப்பில் உள்ள மூன்று மரைத் துளைகளில் போல்ட் போட்டு நடுவில் திருகித் தள்ளும் புல்லரையே பயன்படுத்த வேண்டும். கொக்கிகள் கொண்ட சாதாரணப் புல்லரை வெளிவளையத்தில் மாட்டி இழுத்தால் ரப்பர் கிழிந்து வளையம் மட்டும் கையோடு வரும். புல்லரின் நடுத்திருகு கிராங்க்கின் மரைக்குள் நுழைந்து அதைச் சிதைக்காதபடி, கருவியோடு வரும் முனைத்துண்டை இடையில் வைக்க மறக்காதீர்கள்.

கிராங்க் முனையும் அளவெடுப்பும்

மாட்டும் வேலையில் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான்.

கிராங்க் முனையை மண்ணெண்ணெயிலோ பிரேக் கிளீனரிலோ நனைத்த துணியால் துடைத்து, விரல் நகத்தால் சுற்றிலும் வருடிப் பாருங்கள். கீ எனப்படும் சிறு எஃகுத் துண்டு உட்காரும் பள்ளத்தின் ஓரங்களில்தான் பிசிறு அதிகம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பிசிறும் நகத்தில் தட்டுப்படும். மெல்லிய அரத்தாலோ மிக நைசான எமரித் தாளாலோ அந்த மேட்டை மட்டும் நீவுங்கள். முனை முழுவதையும் தேய்த்துச் சிறிதாக்கிவிடக் கூடாது. ஹப்பின் உள்துளையையும் அதன் கீ பள்ளத்தையும் இவ்வாறே பார்த்துக்கொள்ளுங்கள். கீயைத் தனியாக எடுத்து ஹப்பின் பள்ளத்தில் நுழைத்துப் பாருங்கள். அசைவின்றி, ஆனால் கையால் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். கீயின் மேல்முகத்துக்கும் பள்ளத்தின் அடிக்கும் சிறிது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹப் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு ஏறும்.

அடுத்து மைக்ரோமீட்டரால் முனையின் வெளிவிட்டத்தையும், உள்விட்ட அளவியால் ஹப்பின் துளையையும், ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். ஸ்மால் பிளாக்கின் முனை ஏறத்தாழ 1.245 அங்குலம், அதாவது 31.6 மில்லிமீட்டர். ஹப் துளை அதைவிட ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர் குறைவாக இருப்பது வழக்கம். துல்லியமான எல்லை பேலன்சரோடு வரும் தாளில் இருக்கும். வித்தியாசம் 0.05 மில்லிமீட்டரை நெருங்கினால் வலிந்து ஏற்ற முயலாமல், லேத் பட்டறையில் கொடுத்துத் துளையை நுட்பமாகத் தேய்த்து ஹோன் செய்துகொள்ளுங்கள். மாறாக, பேலன்சர் கையாலேயே வழுக்கி ஏறினால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. முனை தேய்ந்திருக்கிறது, அல்லது துளை பெரிதாகிவிட்டது. அதைப் பசை தடவிச் சமாளிப்பவர்களைக் கேட்காதீர்கள். தளர்ந்து ஏறிய பேலன்சர் கீயையும் கிராங்க்கையும் சேர்த்தே அரித்துவிடும்.

கருவி வாங்கும் முன் இன்னொன்றையும் உறுதிசெய்ய வேண்டும். 265, 283 போன்ற தொடக்கக்கால எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் முனையில் போல்ட் துளையே இருக்காது. தொழிற்சாலையிலேயே பேலன்சரை அழுத்தி ஏற்றி, அந்த இறுக்கத்தை நம்பியே விட்டுவிட்டார்கள். அத்தகைய கிராங்க் உங்களிடம் இருந்து, எஞ்சினும் பிரித்த நிலையில் இருந்தால், துளையிட்டு 7/16 அங்குல மரை வெட்டிக்கொள்வது வாழ்நாள் முழுவதும் தலைவலியைக் குறைக்கும்.

ஆயில் சீல்

டைமிங் கவரிலுள்ள ஆயில் சீலின் உதடு உட்கார்ந்து ஓடுவது ஹப்பின் வெளிப்புறத்தில்தான். பேலன்சர் கழன்றிருக்கும்போது சீலை மாற்றிவிடுவதே அறிவுடைமை. நூறோ இருநூறோ ரூபாய்ப் பொருளுக்காக எல்லாவற்றையும் மறுபடி கழற்ற நேரக் கூடாது. வளைவுச் சுருள் தெரியும் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்குமாறு வைத்து, சீலின் வெளிவிளிம்பளவுள்ள சாக்கெட்டையோ மரக்கட்டையையோ வைத்துச் சீராக உள்ளே தள்ளுங்கள். பழைய ஹப்பில் சீல் ஓடிய இடத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் ஒழுகும். அதற்கென்றே மெல்லிய எஃகு உறைகள் கிடைக்கின்றன. ஹப்பின்மேல் அதை ஏற்றிவிட்டால் போதும். சில பழைய எஞ்சின்களில் டைமிங் கியருக்கு முன்னால் எண்ணெயை வீசித் தடுக்கும் ஒரு வட்டத் தகடு இருக்கும். கவரைக் கழற்றியிருந்தால் அது மேசையில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுத்து ஏற்றுதல்

இதற்கான கருவியை இன்ஸ்டாலர் என்பார்கள். மரை வெட்டிய ஒரு தடித்த தண்டு, பெரிய நட், ஒரு சிறு பேரிங், கனமான வாஷர், இவ்வளவுதான். தண்டின் ஒரு முனை கிராங்க்கின் மரைக்குப் பொருந்த வேண்டும். ஸ்மால் பிளாக்குக்கு அது 7/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. பெரிய பிளாக் செவ்ரலேக்கு 1/2 அங்குலம், 20 மரை. தவறான முனையைத் திருகினால் முதல் இரண்டு சுற்றிலேயே கனக்கும். அப்போதே நிறுத்திவிடுங்கள்.

கிராங்க்கின் உள்மரையைத் துணியாலும் காற்றாலும் சுத்தம் செய்து, தண்டின் மரைகளுக்கும் பேரிங்குக்கும் கிரீஸ் தடவி, தண்டைக் கையாலேயே அடிவரை திருகுங்கள். 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே போயிருக்க வேண்டும். போல்ட்டால் இழுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இங்கே சுமை தொடக்கத்திலிருந்தே எல்லா மரைகளிலும் பரவுகிறது. மேலும் திருகும் அசைவு வெளியிலுள்ள பெரிய நட்டில் மட்டும் நடக்கிறது. கிராங்க்கின் மரை சுழலாமல் அப்படியே பிடித்து நிற்கிறது.

கிராங்க் முனையிலும் சீலின் உதட்டிலும் எஞ்சின் ஆயிலை மெல்லியதாகத் தடவுங்கள். உலர்ந்த சீல் முதல் நிமிடத்திலேயே கருகிவிடும். ஹப்பின் கீ பள்ளத்தில் கடுகளவு சிலிக்கான் பசையை இழுத்துவிடுவது நல்லது; அந்தப் பள்ளத்தின் வழியாக எண்ணெய் ஊர்ந்து வெளியே வருவதுண்டு, பலர் அதைச் சீல் ஒழுகுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். பேலன்சரைத் தூக்கி, பள்ளத்தையும் கீயையும் நேர்படுத்தி, கையால் எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளுங்கள். அது நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். பிறகு வாஷர், பேரிங், நட் என்ற வரிசையில் மாட்டுங்கள். வாஷர் ஹப்பின்மேல் மட்டும் உட்கார வேண்டும். அதன் ஓரம் வெளிவளையத்தைத் தொட்டால் விசை ரப்பருக்குப் போய்விடும்.

இப்போது ஒரு ஸ்பானரால் தண்டைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை முடுக்குங்கள். காற்றழுத்தத்தால் போல்ட் முடுக்கும் காற்றுத் துப்பாக்கியை இதில் பயன்படுத்த வேண்டாம்; கையில் கிடைக்கும் உணர்வுதான் இங்கே அளவுகோல், துப்பாக்கி அதை மறைத்துவிடும். பேலன்சர் ஏறும்போது எதிர்ப்பு ஒரே சீராகக் கனத்து வரும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, பேலன்சருக்கும் டைமிங் கவருக்கும் உள்ள இடைவெளி நான்கு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவழியில் திடீரென்று கனத்தாலோ, கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, மேலும் முடுக்கிப் பார்க்காமல் புல்லரால் வெளியே எடுத்துக் கீயைச் சோதியுங்கள். கீ பின்னோக்கி நழுவி நிமிர்ந்துகொள்வதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஹப்பின் பின்முகம் உள்ளேயுள்ள டைமிங் கியரில் போய் முட்டியதும் எதிர்ப்பு சட்டென்று சுவராகிவிடும். அதுவே முடிவு. முன்பு குறித்துவைத்த காலிப்பர் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு வேறுபட்டால் ஏதோ தடுக்கிறது, அல்லது பேலன்சரின் நீளம் வேறு.

சூடேற்றி மாட்டலாமா என்ற கேள்வி அடிக்கடி எழும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 31.6 மில்லிமீட்டர்த் துளை கொண்ட எஃகு ஹப்பின் வெப்பம் 70 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் துளை சுமார் 0.026 மில்லிமீட்டர் விரியும். அதாவது கொதிநீரின் சூடே இறுக்கம் முழுவதையும் ஏறத்தாழத் தளர்த்திவிடுகிறது. ஆகவே பேலன்சர் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் அந்த அளவு சூடேற்றுவது தவறில்லை. ஆனால் கேஸ் விளக்கின் சுடரைக் காட்டுவது ரப்பரைக் கொல்வதற்கு ஒப்பு. சூடேற்றினாலும் இன்ஸ்டாலரைத் தயாராக வைத்திருங்கள். பாதியில் ஆறினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

போல்ட்டும் சரிபார்ப்பும்

இன்ஸ்டாலரைக் கழற்றிவிட்டு, தடித்த வாஷரோடு போல்ட்டைப் போடுங்கள். மரையில் நடுத்தர வலுவுள்ள மரைப்பசை இரண்டு சொட்டுப் போதும். ஸ்மால் பிளாக்குக்கு 60 அடி-பவுண்டு, அதாவது 81 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான முடுக்க அளவு. உங்கள் போல்ட்டோடு வேறு அளவு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முடுக்கும்போது கிராங்க் சுழலாமலிருக்க ஃப்ளைவீல் பற்களில் மாட்டும் பூட்டுக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஸ்குரு டிரைவரைச் செருகிப் பிடிப்பவர்களின் வண்டியில் பல் உடைந்திருக்கும், அல்லது உறையில் விரிசல் இருக்கும்.

பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் முன்னால் நின்று பார்க்கையில் கடிகாரச் சுற்றாகக் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றுங்கள். சுட்டி எங்கும் உரசக் கூடாது. வளையம் பக்கவாட்டில் தள்ளாடக் கூடாது.

அடுத்து டைமிங் கோடு. அதை அப்படியே நம்பாமல் சோதித்துவிடுவது நல்லது. முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் திருகை மாட்டி, கிராங்க்கை மெதுவாக ஒரு திசையில் சுழற்றுங்கள். பிஸ்டன் முட்டி நின்றதும் சுட்டிக்கு நேரே வளையத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எதிர்த் திசையில் சுழற்றி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவேதான் பிஸ்டனின் உச்சநிலை. பேலன்சரின் பூஜ்யக் கோடு அந்த இடத்தில் இல்லையென்றால் சுட்டியைச் சரிசெய்யுங்கள், அல்லது புதிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் அந்தத் திருகைக் கழற்றி எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டே பிளக்கை மாட்ட வேண்டும்.

வேறு எஞ்சின்களில்

1997இல் செவ்ரலேயின் கார்வெட் காரோடு வந்த எல்எஸ் குடும்பத்து எஞ்சின்களில் பேலன்சருக்குக் கீயே கிடையாது. இறுக்கமும் போல்ட்டின் பிடியும் மட்டுமே அதைத் தாங்குகின்றன. ஆகவே அங்கே முடுக்கும் முறை கடுமையானது. முதலில் பழைய போல்ட்டைக் கொண்டு 330 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கி உட்காரவைத்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய போல்ட்டை 50 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, அதற்குமேல் 140 டிகிரி திருப்ப வேண்டும். அந்தப் போல்ட் நீண்டு பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. இரண்டாம் முறை பயன்படாது. அங்கும் தொடக்க இழுவைக்கு இன்ஸ்டாலரே உகந்தது.

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் டேம்பர் புல்லி கையாலேயே ஏறிவிடும். வேலை எளிதென்று தோன்றும். ஆனால் அங்கே எல்லாப் பொறுப்பும் அந்த ஒற்றைப் போல்ட்டின்மேல் இருக்கிறது. பல எஞ்சின்களில் டைமிங் பெல்ட் ஓடும் பல்சக்கரத்தையும் அதே போல்ட்தான் அழுத்திப் பிடிக்கிறது. அது தளர்ந்தால் டைமிங் பிசகி வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். மரைக்கு எண்ணெய் இட வேண்டுமா, உலர்வாக விட வேண்டுமா, புதிய போல்ட் தேவையா என்பதை அந்தக் காரின் பட்டறைக் கையேட்டில் பார்க்காமல் முடுக்கக் கூடாது. எண்ணெயிட்ட மரையும் உலர்ந்த மரையும் ஒரே முடுக்க அளவில் ஒரே பிடியைத் தருவதில்லை.

முதல் ஓட்டம்

எல்லாம் மாட்டி முடித்த பின், ஹப், ரப்பர், வெளிவளையம் மூன்றையும் குறுக்கே கடக்குமாறு வெள்ளைப் பெயின்டால் ஒரு நேர்கோடு போடுங்கள். கூலன்ட் நிரப்பி, பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யும்போது புல்லியின் நேரெதிரில் நிற்காமல் பக்கவாட்டில், பெல்ட் சுழலும் வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள். தொங்கும் சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் அருகே வரக் கூடாது. பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆறிய பிறகு சீலைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் துடைத்துப் பாருங்கள். பெல்ட் ஒரு பக்கமாக ஏறி ஓடினால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. பேலன்சர் ஏறிய ஆழத்தை மறுபடி அளக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். ரப்பரின் இரு பக்கமும் கோடு நேராக இருக்கும்வரை கவலையில்லை. இரண்டு துண்டாக விலகியிருந்தால் வளையம் வழுக்கத் தொடங்கிவிட்டது. அதை மாற்றும்வரை வண்டியை வேகமாக ஓட்டக் கூடாது, அந்த வளையத்திலுள்ள கோட்டைக் கொண்டு டைமிங் பார்க்கவும் கூடாது.